ஜன்னல் வலை

கதவு திறக்காது.
திறக்கக் கதவே இல்லை, கதவின் வடிவில் ஒரு தகடு;
மேலே பெரிதாய் அறுபத்தொன்று.
ஜன்னல் வழியாகக் காலை விட்டுத்தான் இறங்கவேண்டும் உள்ளே.
முகப்பு விளக்கென்று நீங்கள் நினைப்பது
ஒட்டுத்தாள்.
ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கிற கார்.
கடையிலிருந்து வந்ததாக இதில் மிச்சமிருப்பது
அந்தப் பெயர் மட்டும்.

முதல்முறை வருகிறவர்கள் கேட்பதை
நீங்களும் கேளுங்கள், கோபப்பட மாட்டேன்:
இடப்பக்கம் மட்டும்தான் திரும்புவார்களா?
ஆமாம்.
லாரல் ஃபோர்க்கில் நூறு சுற்று,
சுற்றுக்கு நாலு வளைவு, பெருக்கிக்கொள்ளுங்கள்.
வலப்பக்கப் பின்சக்கரம் இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
ஸ்டியரிங்கை விட்டாலும்
லாயத்தின் வழி தெரிந்த குதிரைபோல்
வண்டி தானாக இடப்பக்கம் ஒதுங்கும்.
நேராகப் போவதற்குத்தான்
இங்கே கை வலிக்கும்.

என் பெயர் வெர்லீன் ஸ்ட்ரூப்.
திங்கள் முதல் வெள்ளிவரை பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்:
ஏழு கண்ணாடி, நாற்பத்தொரு பிள்ளைகள்.
சனி இரவு இந்தத் தகரக் கூரைமேல்
காதில் ரேடியோவோடு நிற்கிறேன்.
கீழே கோய் டீக்.
கோழிப்பண்ணைகளுக்கு மின்விசிறி பழுதுபார்க்கிறவன்.
ஹெல்மெட்டைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்,
தலை திரும்பாது.
முன்னால் போகும் பம்பர் தெரியும், அவ்வளவுதான்.
அவனுடைய வலப்பக்கம்
நான்.

நாங்கள் பேசும் மொழி சின்னது.
"வெளியே ஒருத்தன்."
"இன்னும் இருக்கான்."
"கதவுக்கு வந்துட்டான்."
"இன்னும் இருக்கான்."
"கிளியர்."
பதினெட்டு நொடிக்கு ஒருமுறை
இதையே முன்பின்னாகச் சொல்வேன்.
ரப்பர்த் துகள் பல்லில் நறநறக்கும்.
வெங்காயம் வதங்கும் வாசனையும் பெட்ரோலும்
ஒரே காற்றில் வரும்.

தொண்ணூற்றேழாவது சுற்று.
டாலிவர் பொவெலின் பச்சை வண்டி
சுவரோரமாய்ப் பக்கத்தில் வந்து, பின்தங்கி,
விளக்குக் கம்பத்தின் கூச்சத்துக்குள் போனது.
முன்னால் ஒரே ஒரு வண்டி.
மேலே ஏறினால் முந்திவிடலாம்.
கோய் கேட்கவில்லை.
நான் சொன்னேன்: "கிளியர்."

பார்த்துச் சொன்னேனா
ஆசைப்பட்டுச் சொன்னேனா
அதை இன்றுவரை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

பச்சையின் மூக்கு இன்னும் அங்கேதான் இருந்தது.
ஒரு கை அகலம். அதற்கும் குறைவு.
அறுபத்தொன்று பக்கவாட்டில் திரும்பி
வலப்பக்கம் முழுவதையும் சுவருக்குக் கொடுத்தது.
தகரம் கிழியும் சத்தம்
கூரையேறி என் செருப்புக்கு வந்தது.
மஞ்சள் விளக்கு.
எல்லா வண்டியும் மெதுவானது.

இப்போது கவனியுங்கள்,
இந்த ஆட்டத்தில் தெரிந்துகொள்ளவேண்டியது இது:
யாரும் எஞ்சினைப் பார்க்க மாட்டார்கள், புகையைப் பார்க்க மாட்டார்கள்.
ஓட்டுநர் பக்க ஜன்னலில் கறுப்பு நாடாவில் ஒரு வலை இருக்கும்.
உள்ளே இருப்பவன் நன்றாக இருந்தால்
அதை அவிழ்த்துக் கீழே விடவேண்டும்.
அதுவரைக்கும்
மூவாயிரம் பேர் நின்றுகொண்டே இருப்பார்கள்,
வாயில் வைத்த கடலையைக் கடிக்காமல்.

"கோய்."

ஒன்றுமில்லை.

"கோய்."

பேருந்தில் ஒருமுறை
பிள்ளைகளை எண்ணும்போது நாற்பதோடு நின்றுவிட்டது.
அந்த ஒரு எண் குறைந்த நேரம்
எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.
இது அதைவிட நீளம்.

வலை விழுந்தது.
ஒரு கையுறை வெளியே வந்து
எரிச்சலோடு காற்றைத் தட்டியது.
கூட்டம் கத்தியது. நான் கத்தவில்லை,
கூரையில் உட்கார்ந்துவிட்டேன்.
ரேடியோ கரகரத்தது:
"வெர்லீன்,
இப்ப கிளியரா?
இறங்கலாமா?"

அடுத்த சனிக்கும் என்னைத்தான் கூப்பிட்டான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
தண்டவாளத்தைக் கடக்குமுன்
பேருந்தை நிறுத்திக் கதவைத் திறந்து
ரயில் வருகிறதா என்று காதுகொடுப்பது சட்டம்.
இப்போது கொஞ்சம் கூடுதலாக நிற்கிறேன்.
பின்னால் பால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
கடைசி வரிசையில் டார்சி எழுந்து
"ஒண்ணும் வரல, போங்க" என்கிறாள்.

இருக்கட்டும்.
இன்னொருமுறை கேட்கிறேன்.